கூலியா, பங்கா? கனடாவின் பூர்வகுடிகள் தொழிலில் கூட்டாளி ஆவது எப்படி

ஸ்கார்பரோவில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் தொலைக்காட்சி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள், ஏதோ ஒரு எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில் பூர்வகுடிகள் பங்கு வாங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. கடைக்கார அண்ணன் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “தம்பி, இவையளுக்கு வரியும் இல்லை, காசும் சும்மா வருது. பேந்தென்ன, கொம்பனியிலயும் பங்கு வேணுமாமோ?” பக்கத்து நாற்காலியில் இருந்தவர் வேறு கட்சி. “அதெல்லாம் கண்துடைப்பு. ரெண்டு பேருக்கு வேலை கொடுத்துட்டு கம்பெனிக்காரன் போட்டோ எடுத்துக்குவான்” என்றார்.

காதோரம் கத்தரி இருக்கும்போது வாதாடக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு பேச்சுமே விஷயத்தைத் தொடவில்லை. ஒருவர் இதைத் தானம் என்று நினைக்கிறார், இன்னொருவர் விளம்பரம் என்கிறார். நடப்பது வியாபாரம். கடன் வாங்கி, வட்டி கட்டி, நஷ்டத்துக்கும் தோள் கொடுத்துச் செய்கிற வியாபாரம். அது எப்படி இயங்குகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

யார் இவர்கள்

கனடாவின் அரசமைப்புச் சட்டம் மூன்று மக்களைப் பூர்வகுடிகள் என்று ஏற்கிறது. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் முதற்குடிகள், ஆர்க்டிக் பகுதியின் இனுயிட், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு மரபில் தனி மக்களாக உருவான மெட்டி. 2021 கணக்கெடுப்பின்படி மொத்தம் சுமார் 18 லட்சம் பேர், நாட்டின் மக்கள்தொகையில் 5 சதவீதம். முதற்குடிகளில் மட்டும் 600க்கும் மேற்பட்ட தனித்தனிச் சமூகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தலைவர் இருக்கிறார், மன்றம் இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு அரசு ஒதுக்கிய நிலமும் உண்டு. அந்த நிலத்துக்கு ரிசர்வ் என்று பெயர்.

கடைக்கார அண்ணனின் வரிக் கணக்குக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வரிவிலக்கு பதிவு பெற்ற முதற்குடியினருக்கு மட்டும்தான். அதுவும் ரிசர்வில் உள்ள சொத்துக்கும் அங்கே ஈட்டும் வருமானத்துக்கும்தான். டொரொன்டோவில் சம்பளம் வாங்கும் முதற்குடிக்காரர் பொதுவாக நம்மைப் போலவே வருமான வரி கட்டுகிறார். இனுயிட்டுக்கும் மெட்டிக்கும் அந்த விலக்கே கிடையாது. ‘சும்மா வரும் காசு’ பற்றி ஒன்று: டொரொன்டோ நகரம் உட்கார்ந்திருக்கும் நிலத்தில் பெரும்பகுதிக்கு, 1805இல் மிசிசாகா மக்களிடம் கொடுத்த தொகை 10 ஷில்லிங். இரண்டரை லட்சம் ஏக்கருக்கு. 2010இல்தான் அந்தக் கணக்கு 14.5 கோடி டாலரில் தீர்க்கப்பட்டது.

ஒரு கல் குவாரியிலிருந்து தொடங்குவோம்

கனடாவைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். உங்கள் ஊருக்கு வெளியே ஒரு கரடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊரார் ஆடு மேய்த்த இடம், விறகு பொறுக்கிய இடம், குலசாமிக்குப் பொங்கல் வைத்த இடம். பட்டா யார் பெயரிலும் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் அரசிடம் உரிமம் வாங்கிவந்து அங்கே கல் குவாரி போடுகிறார். லாரி ஓடுகிறது, புழுதி பறக்கிறது, வெடி வைத்தால் வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது. ஊர் கூடிக் கேட்கிறது: எங்களுக்கு என்ன?

குவாரிக்காரர் நாலு விதமாகப் பதில் சொல்லலாம். பத்துப் பையன்களுக்கு வேலை தருகிறேன் என்பது ஒன்று. தண்ணி லாரி, சாப்பாடு, ஜேசிபி வாடகை எல்லாவற்றையும் உங்கள் ஊர்க்காரர்களிடமே எடுத்துக்கொள்கிறேன் என்பது இரண்டாவது. மூன்றாவது, எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம்: இத்தனை வேலை, இத்தனை ஒப்பந்தம், லோடுக்கு இவ்வளவு பணம், கிணற்றுத் தண்ணீரை இத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது. நாலாவது பதிலை அவராக வாயைத் திறந்து சொல்ல மாட்டார். ஊர்தான் கேட்க வேண்டும்: குவாரியிலேயே பங்கு.

முதல் மூன்றிலும் கணக்குப் புத்தகம் அவர் கையில். நாலாவதில் அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை ஊருக்கு வருகிறது. லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தாலும் பங்கு. ‘பங்காளி’ என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு முகம் உண்டே, சொத்தில் பாதி உள்ளவனும் அவன்தான், வரப்புத் தகராறில் எதிரே நிற்பவனும் அவன்தான். தொழில் கூட்டும் அப்படித்தான். உறவு இருக்கும், உரசலும் இருக்கும். ஆனால் கூலிக்காரனால் எழுப்ப முடியாத கேள்வியைப் பங்காளி எழுப்பலாம்.

மூன்றாவது வகைக் காகிதத்துக்குக் கனடாவில் ‘தாக்க–நன்மை ஒப்பந்தம்’ என்று பெயர். திட்டத்தால் வரும் பாதிப்பையும் அதற்கு ஈடாக வரும் நன்மையையும் சமூகமும் நிறுவனமும் நேரடியாகப் பேசி எழுதிக்கொள்வது. 1995இல் கியூபெக்கின் வட கோடியில் ராக்லன் நிக்கல் சுரங்கத்துக்காக இனுயிட் மக்களின் மாகிவிக் அமைப்பு போட்ட ஒப்பந்தம் இதில் பேர்போனது. முதலீட்டை மீட்டபின் சுரங்கத்தின் இயக்க லாபத்தில் 4.5 சதவீதம் இனுயிட்டுக்கு என்று அதில் எழுதினார்கள். லாபத்தில் பங்கு என்பது பெரிய படிதான், ஆனாலும் சுரங்கத்தின் சொந்தக்காரர் வேறு ஒருவர். இன்று பூர்வகுடித் தலைவர்கள் கேட்பது அதற்கு அடுத்த படியை, சொத்திலேயே உரிமையை. பங்குரிமை என்று இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் அதைத்தான்.

இதுவரை: வேலை, ஒப்பந்தப் பணி, எழுதிய நன்மை, பங்குரிமை. செய்தியில் ‘கூட்டாண்மை’ என்ற சொல்லைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, இந்த நாலில் எது என்பதுதான்.

கம்பெனிக்காரர் ஏன் ஊரைத் தேடி வருகிறார்

நம் குவாரிக்காரருக்கு அரசு உரிமம் இருக்கிறதே, அவர் ஏன் ஊரோடு பேச வேண்டும்? கனடாவிலும் நூறு ஆண்டுக்கு மேல் அதுதான் நிலை. 1927 முதல் 1951 வரை, நில உரிமை வழக்குக்காகப் பூர்வகுடிகள் பணம் திரட்டுவதோ அதற்காக வழக்கறிஞர் வைப்பதோ அரசின் அனுமதி இல்லாவிட்டால் குற்றம். சட்டப் புத்தகத்திலேயே அப்படி எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நிலை நீதிமன்றத்தில்தான் மாறியது. அந்தக் கதையில் ஒரு விலாங்கு மீன் வருகிறது. 1993 ஆகஸ்டில் நோவா ஸ்கோஷியாவின் பாம்கெட் துறையில் டொனால்டு மார்ஷல் ஜூனியர் என்னும் மிக்மாக் இனத்தவர் 210 கிலோ விலாங்கு பிடித்து விற்றார். கிடைத்தது 787 டாலர் 10 சென்ட். உரிமம் இல்லை, பருவம் இல்லை, தடைசெய்த வலை என்று வழக்குப் போட்டார்கள். செய்யாத கொலைக்காக ஏற்கெனவே 11 ஆண்டு சிறையில் இருந்து விடுபட்டவர் அவர். வழக்கு அவருக்குப் புதிதல்ல. 1760–61இல் பிரிட்டிஷ் அரசு தம் மக்களோடு செய்த ஒப்பந்தம் மீன் பிடித்து விற்கும் உரிமையைத் தருகிறது என்று அவர் வாதிட்டார். 1999 செப்டம்பர் 17 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பணம் குவிக்க அல்ல, ‘மிதமான பிழைப்பு’க்காக மீன் பிடித்து விற்கலாம் என்றது. 787 டாலர் மீன் கடலோரத்தின் கணக்கையே மாற்றியது. இந்த விலாங்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்பி வரும்.

அடுத்தது 2004. பசிபிக் கரைத் தீவுகளில் வாழும் ஹைடா மக்கள் தொடர்ந்த மரம் வெட்டும் உரிமம் பற்றிய வழக்கு. நிலம் உங்களுடையது என்று வழக்கில் நிரூபிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உரிமை இருக்கக்கூடும் என்று தெரிந்தாலே முடிவெடுக்குமுன் அரசு அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இதற்கு ‘ஆலோசனைக் கடமை’ என்று பெயர். கடமை அரசுக்கு, நிறுவனத்துக்கு அல்ல. ஆனால் அரசு சரியாகப் பேசாவிட்டால் கவிழ்வது நிறுவனத்தின் திட்டம். நார்தர்ன் கேட்வே என்ற எண்ணெய்க் குழாய்த் திட்டத்துக்கு 2014இல் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆலோசனை போதாது என்று 2016இல் நீதிமன்றம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. திட்டமே முடிந்துபோனது.

இங்கே இன்னொரு தவறான பேச்சும் உலவுகிறது. பூர்வகுடிகளுக்கு வீட்டோ அதிகாரம் இருக்கிறது, அவர்கள் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும் என்பது. ஹைடா தீர்ப்பே ஆலோசனைக் கடமை வீட்டோ அல்ல என்று சொல்லிவிட்டது. நிலம் அவர்களுடையதே என்று தீர்ப்பாகிவிட்டால் நிலைமை வேறு. 2014இல் சில்கோட்டின் மக்களுக்கு சுமார் 1,750 சதுர கிலோமீட்டரில் அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் முதன்முறையாக உறுதி செய்தது. அத்தகைய நிலத்தில் சம்மதம் வாங்குவதுதான் விதி. வலுவான பொதுக் காரணம் காட்டி அரசு மீறலாம், ஆனால் அது எளிதல்ல.

சரி, நிறுவனத்தின் கண்ணால் பாருங்கள். ஐந்து ஆண்டு வழக்கில் சிக்கினால் வட்டி மட்டும் எவ்வளவு ஏறும்! அதைவிடச் சமூகத்தைக் கூட்டாளியாக்கிக்கொள்வது மலிவு. நல்ல மனசும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல மனசு மட்டும் இருந்த காலத்தில் பத்து வேலைக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

கோயில் நிலத்து வீடு: அடமானம் வைக்க முடியாத சொத்து

சம்மதத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. நிறுவனம் பங்கு தர ரெடி. ஆனால் பங்கு இலவசமில்லை, விலை கொடுத்து வாங்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் மிக முக்கியமான, மிகக் குறைவாகப் பேசப்படுகிற பகுதி இதுதான்.

கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருக்கிற குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, ஊரில் மரியாதை இருக்கிறது. வங்கியில் போய்க் கடன் கேட்டால் மேலாளர் ஒரே கேள்விதான் கேட்பார்: மனை யார் பெயரில்? கோயில் பெயரில் என்றதும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார். கடன் கட்டாவிட்டால் எடுத்து விற்க முடியாத சொத்து வங்கிக்குச் சொத்தே இல்லை.

ரிசர்வ் நிலம் அப்படிப்பட்டது. நிலம் சட்டப்படி அரசின் பெயரில், சமூகத்தின் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டது. 1876இல் வந்த ‘இந்தியன் சட்டம்’ இன்றும் அமலில் இருக்கிறது (இங்கே ‘இந்தியன்’ என்றால் நம் இந்தியா அல்ல, முதற்குடிகளுக்கு அன்று வைத்த பெயர்). ரிசர்வில் உள்ள முதற்குடியினரின் சொத்தை வெளியார் அடமானமாக எடுக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது என்கிறது அதன் 89ஆம் பிரிவு. நிலம் பறிபோகாமல் காக்க வந்த விதி, காத்தும் இருக்கிறது. கூடவே, கடன் என்ற கதவையும் அடைத்துவிட்டது. இது போதாதென்று, மேற்குச் சமவெளியில் விவசாயம் செய்த முதற்குடியினர் தங்கள் கோதுமையை விற்கக்கூட அரசு அதிகாரியின் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. உழைக்கவில்லை, அதனால் முதல் சேரவில்லை என்று பேசுகிறவர்கள் அந்தச் சீட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

அடைத்த கதவைச் சுற்றி இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டுமே நமக்குப் பழக்கமானவைதான்.

ஒன்று, மகளிர் சுயஉதவிக் குழுவின் வழி. தனித்தனியாகப் போனால் வங்கி கதவு திறக்காது. இருபது பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் திறக்கும். கம்லூப்ஸ் சமூகத்தின் மானி ஜூல்ஸ் போன்ற தலைவர்கள் பல ஆண்டு போராடி, 2005இல் இதற்கென்றே ஒரு சட்டம் வரவைத்தார்கள். அதன்கீழ் உருவானதுதான் முதற்குடிகள் நிதி ஆணையம். உறுப்புச் சமூகங்கள் தங்கள் சொந்த வருமானத்தை, அதாவது வரி, குத்தகை, வியாபாரத்தில் வருவதை, ஈடாகக் காட்டுகின்றன. நிலம் ஈடு இல்லை, வருமானம்தான் ஈடு. அந்த வருமானம் முதலில் ஒரு பொறுப்புக் கணக்குக்குப் போய், தவணை கழித்தபின்தான் சமூகத்தின் கைக்கு வருகிறது. இந்த நம்பிக்கையில் ஆணையம் எல்லோருக்கும் சேர்த்துச் சந்தையில் கடன் பத்திரம் விற்கிறது. 2014இல் விற்ற முதல் பத்திரம் 9 கோடி டாலர்.

இன்னொன்று ஜாமீன். மாமா கையெழுத்துப் போட்டால் வட்டி குறையும் இல்லையா, அதுதான். ‘கடன் உத்தரவாதம்’ என்பது அரசு பணம் கொடுப்பதல்ல. சமூகம் கட்டத் தவறினால் நான் கட்டுகிறேன் என்று அரசு எழுதிக் கொடுப்பது. ஆல்பர்ட்டா மாகாணம் 2019இல் இதற்கென ஒரு அமைப்பைத் தொடங்கியது. மத்திய அரசு 2024 பட்ஜெட்டில் 500 கோடி டாலர் வரை உத்தரவாதம் என்று அறிவித்து, 2025இல் அதை 1,000 கோடியாக்கியது. செய்தியில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ‘ஆயிரம் கோடி அள்ளிக் கொடுத்தார்கள்’ என்று பேச்சு கிளம்புகிறது. அள்ளிக் கொடுக்கவில்லை, ஜாமீன் கையெழுத்து போடத் தயார் என்றார்கள்.

கையெழுத்தால் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய்ச் சொத்து, ஆண்டுக்கு 9 ரூபாய் வருமானம் தருகிறது. 90 ரூபாய் கடன், 25 ஆண்டுத் தவணை. ஜாமீன் இல்லாமல் வட்டி 8 சதவீதம் என்றால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 8 ரூபாய் 40 காசு. மிச்சம் 60 காசு. ஜாமீனால் வட்டி 5 சதவீதமாக இறங்கினால் தவணை 6 ரூபாய் 40 காசு. மிச்சம் 2 ரூபாய் 60 காசு. அதே சொத்து, அதே வருமானம், கைக்கு வருவது நாலு மடங்குக்கு மேல்.

சுருக்கமாக: சம்மதத்துக்கு மதிப்பு வந்தது நீதிமன்றத்தால், பங்கு வாங்கப் பணம் வந்தது கூட்டுக் கடனாலும் ஜாமீனாலும். இரண்டும் சேர்ந்தபோது பெரிய பேரங்கள் பெருகின.

எண்ணெயை வாங்கவில்லை, கிடங்கை வாங்கினார்கள்

வடக்கு ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் மெக்கே என்ற சிறிய முதற்குடிச் சமூகம். சுற்றிலும் எண்ணெய் கலந்த மணலைத் தோண்டும் சுரங்கங்கள். அவர்களும் மிகிசு க்ரீ சமூகமும் சேர்ந்து, 2017இல் சன்கோர் நிறுவனத்தின் கிழக்குத் தொட்டிப் பண்ணையில் 49 சதவீதத்தை வாங்கினார்கள். விலை 50.3 கோடி டாலர். பணம் கடன் பத்திரம் விற்றுத் திரட்டியது.

அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். சுரங்கத்தை வாங்கவில்லை, எண்ணெயை வாங்கவில்லை. எண்ணெயைச் சேமித்து, குளிர வைத்து, கலந்து, குழாய்க்கு அனுப்பும் தொட்டிகளை வாங்கினார்கள். நெல் வியாபாரியாக இருப்பதற்கும் நெல் கிடங்குக்காரராக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று கிடங்கு வாடகை வந்துகொண்டிருக்கும். சன்கோர் நீண்டகால ஒப்பந்தத்தில் அந்தத் தொட்டிகளைப் பயன்படுத்துகிறது. வாடகை நிச்சயம் என்பதால்தான் கடன் கொடுத்தவர்களும் துணிந்தார்கள். பூர்வகுடிகளின் பங்குகள் பெரும்பாலும் குழாய், மின்கம்பி, தொட்டி என்றே ஏன் இருக்கின்றன என்றால் காரணம் இதுதான். பேரக் குழந்தைகள் காலம்வரை தவணை கட்ட வேண்டியவர்களுக்குச் சூதாட்டம் தோதுப்படாது.

ஒன்ராறியோவின் வடமேற்கில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. சாலை இல்லாத காட்டுக்குள் இருக்கும் சமூகங்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பியே வாழ்ந்தன. டீசல் வருவது குளிர்காலப் பனிச்சாலையில், இல்லையேல் விமானத்தில். ஜெனரேட்டரின் கொள்ளளவு நிரம்பிவிட்டால் புது வீடு கட்டினாலும் மின்சார இணைப்பு கிடைக்காது. 24 முதற்குடிச் சமூகங்கள் சேர்ந்து 51 சதவீதமும், ஃபோர்டிஸ் நிறுவனமும் மற்ற முதலீட்டாளர்களும் 49 சதவீதமும் என்று ஒரு மின்கடத்தி நிறுவனம் தொடங்கினார்கள். மூத்தவர்கள் அதற்கு வைத்த பெயர் வாட்டேனிகனேயாப், ‘வெளிச்சம் கொண்டுவரும் கம்பி’. சுமார் 1,800 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். 2018 டிசம்பரில் பிகாங்கிகம் சமூகம் முதலாவதாக இணைந்தது. கம்பி யாருடைய வீட்டுக்குப் போகிறதோ அவர்களே கம்பியின் பெரும்பங்கு முதலாளிகள்.

எல்லாப் பங்கும் ஒரே மாதிரி இல்லை. 2022இல் 23 முதற்குடி, மெட்டி சமூகங்கள் 112 கோடி டாலர் கொடுத்து என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 7 குழாய்களில் 11.57 சதவீதம் வாங்கின. வருமானம் வரும், ஆனால் குழாயை இயக்குவது என்பிரிட்ஜ்தான். மாறாக, பசிபிக் கரையில் ஹைஸ்லா மக்கள் சீடர் எல்என்ஜி எரிவாயுத் திட்டத்தில் 50.1 சதவீதத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு பெம்பினா நிறுவனத்தைக் கூட்டு சேர்த்தார்கள். 2024 ஜூனில் கட்டுமானத்துக்கு இறுதி முடிவு எடுத்தார்கள். வண்டியில் இருவருமே ஏறியிருக்கிறார்கள், ஆனால் ஓட்டுநர் இருக்கை வேறு, பின் இருக்கை வேறு. செய்தியில் சதவீதத்தோடு யார் ஓட்டுகிறார் என்பதையும் தேடிப் பாருங்கள்.

தலைவரே கடை நடத்தினால்

ஊராட்சித் தலைவரே ஊர்ப் பணத்தில் மளிகைக் கடை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா மகனுக்குக் கல்லாவில் வேலை, மச்சானுக்குக் கடன் நோட்டு, தேர்தல் வந்தால் அரிசி மூட்டை. அடுத்த தலைவர் வந்ததும் கடை மூடல்.

அதனால்தான் இந்தச் சமூகங்கள் மன்றத்தையும் வியாபாரத்தையும் இரண்டாகப் பிரிக்கின்றன. ‘வளர்ச்சிக் கழகம்’ என்ற பெயரில் தனி நிறுவனம், அதற்குத் தனி இயக்குநர் குழு, தொழில் தெரிந்த மேலாளர். எந்தத் தொழில் வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்பதை மன்றம் சொல்லும். யாரை வேலைக்கு எடுப்பது, என்ன விலைக்கு விற்பது என்பதில் தலையிடாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கூட்டு நிறுவனம் வைப்பதும் வழக்கம். ஒன்று கவிழ்ந்தால் அதில் போட்ட பணம்தான் போகும், பள்ளிக்கூடத்துக்கு வைத்த பணம் போகாது.

நோவா ஸ்கோஷியாவின் மெம்பர்டூ சமூகம் இதற்கு நல்ல உதாரணம். சிட்னி நகரின் கடற்கரையோரம் இருந்தவர்களை 1916இல் நீதிமன்ற உத்தரவு வாங்கி, 1926இல் உள்ளே தள்ளிக் குடியமர்த்தினார்கள். 1990களின் நடுவில்கூடப் பற்றாக்குறையில் ஓடிய மன்றம் அது. 1984இல் தலைவரான டெரி பால் வெளியே படித்து வேலை பார்த்த தம் மக்களைத் திரும்ப அழைத்தார், கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். 2002இல் ஐஎஸ்ஓ 9001 தரச் சான்று வாங்கினார்கள். ஓர் ஊர் மன்றத்துக்கு எதற்கு ஐஎஸ்ஓ என்று சிரிப்பு வரலாம். எதிரே உட்காரும் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் பழக்கமான ஒரு முத்திரை அது. இவர்களோடு கணக்கு வழக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நம்ப அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினம். ஊரின் சார்பில் கையெழுத்துப் போட உரிமை யாருக்கு? பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்க்கு, வழி நெடுக உள்ள 20 முதற்குடிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் ஒப்பந்தம் போட்டன. ஆனால் வெட்சுவெட்டன் மக்களின் மரபுவழித் தலைவர்கள் மறுத்தார்கள். மன்றம் என்பது இந்தியன் சட்டம் கொண்டுவந்த அமைப்பு, அதன் அதிகாரம் ரிசர்வ் எல்லையோடு சரி, முழு மூதாதையர் நிலமும் எங்கள் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். 2020 தொடக்கத்தில் நாடு முழுக்க ரயில் மறியல் நடந்தது. ‘பூர்வகுடிகள் ஆதரிக்கிறார்கள்’, ‘பூர்வகுடிகள் எதிர்க்கிறார்கள்’ என்ற இரண்டு தலைப்புமே அந்த மாதங்களில் உண்மையாக இருந்தன, இரண்டுமே அரைகுறையாகவும் இருந்தன. 600க்கும் மேற்பட்ட சமூகங்கள் ஒரே குரலில் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் ஊர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு வரக்கூடாத ஆசை.

பினாமி

அரசுக் கொள்முதலில் குறைந்தது 5 சதவீதம் பூர்வகுடி நிறுவனங்களிடம் என்று கனடா மத்திய அரசு 2021இல் இலக்கு வைத்தது. இலக்கு வந்தால் பின்னாடியே யார் வருவார் என்று நமக்குத் தெரியும். பெயருக்கு ஒரு பூர்வகுடிப் பங்காளியைக் காட்டிவிட்டு, வேலையும் லாபமும் வேறு கையில் இருக்கும் நிறுவனங்கள். ஆங்கிலத்தில் ‘இறகை வாடகைக்கு எடுப்பது’ என்று கேலியாகச் சொல்கிறார்கள். தமிழில் பினாமி என்றால் முடிந்தது. 2024இல் நாடாளுமன்றக் குழுக்களில் இது பெரிய விவாதமானது. பக்கத்து நாற்காலிக்காரர் கண்துடைப்பு என்றாரே, அவர் சொன்னதில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான்.

விலாங்கும் கடனும்

2020 செப்டம்பர் 17. மார்ஷல் தீர்ப்பு வந்து சரியாக 21 ஆண்டு. நோவா ஸ்கோஷியாவின் செயின்ட் மேரீஸ் வளைகுடாவில் சிபெக்னெகாடிக் என்ற மிக்மாக் சமூகம், அந்தத் தீர்ப்பின் ‘மிதமான பிழைப்பு’ உரிமையை வைத்துச் சின்னப் படகுகளில் தாமாகவே சிங்கி இறால் பிடிக்கத் தொடங்கியது. மற்ற மீனவர்கள் எதிர்த்தார்கள். அக்டோபரில் இறால் வைத்திருந்த ஒரு கிடங்கு எரிந்தது.

அதற்கு அடுத்த மாதம் இன்னொரு அறிவிப்பு. கனடாவில் நண்டு, சிங்கி இறால், சிப்பி உரிமங்களை மிக அதிகமாக வைத்திருந்த கிளியர்வாட்டர் நிறுவனத்தை, பிரீமியம் பிராண்ட்ஸ் என்ற உணவு நிறுவனமும் 7 மிக்மாக் சமூகங்களும் பாதிக்குப் பாதி வாங்குகின்றன. மெம்பர்டூவும் மியாவ்புகெக்கும் முன்னின்றன. சிபெக்னெகாடிக்கும் அந்த ஏழில் ஒன்று. கடனையும் சேர்த்து விலை சுமார் 100 கோடி டாலர். சமூகங்களுக்கான 25 கோடியை முதற்குடிகள் நிதி ஆணையம் 30 ஆண்டுக் கடனாகக் கொடுத்தது. 2021 ஜனவரியில் பேரம் முடிந்தது. ஆழ்கடல் மீன்பிடி உரிமங்கள் முழுக்க மிக்மாக் மக்களின் கூட்டு நிறுவனத்திடம் வந்தன.

ஆனால் ஆழ்கடல் கப்பலில் பாதிப் பங்கு இருப்பதால், கரையோரத்தில் சின்னப் படகோடு நிற்கிறவருக்கு வலை போட இடம் கிடைத்துவிடாது. மார்ஷல் பிடித்தது சின்னப் படகு மீன்தான். அந்த வழக்கு வேறு, இந்த வியாபாரம் வேறு; ஒன்று நடந்ததைக் காட்டி மற்றது தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

போன வாரம் முடி வெட்டப் போனபோது இதையெல்லாம் கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது. கிளியர்வாட்டர் கதை வந்ததும் நின்றது.

“அப்ப அந்த முப்பது வருசக் கடனை ஆர் கட்டுறது, தம்பி?”

“இறாலும் சிப்பியும் கட்டும், அண்ணை.”

“பிடிபடாட்டி?”

“இவர்கள்தான் கட்ட வேண்டும்.”

“அப்ப அது சும்மா வந்த காசில்லை” என்றார். பிடரிப் பக்கம் மெஷினைப் போட்டார்.